கண்ணை எடுக்காதவள்

ஹாஸ்டல் குளியலறையில் பாம்பு நுழைந்த அன்றுதான் அவளை நான் முதன்முதலாகக் கவனித்தேன். அதுவரை மகாபலிபுரம் பக்கத்துக் கோவளத்திலிருந்து வந்திருக்கும் ஒரு பெண் என்ற அளவில்தான் தெரியும். குளித்துக்கொண்டிருந்த நாங்கள் பதினைந்து பேர் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டோம். அவள் வரவில்லை. பாம்பு பிடிக்கிற ஆளை அழைத்துவர முக்கால் மணி நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் அவள் வாளியைக் கையில் பிடித்தபடி தொட்டி மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆள் வந்ததும், "அந்தச் செங்கல்லாண்ட கீது. அசையவே இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தலையிலிருந்து சீயக்காய் வழிந்து ஒரு கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. அதைக்கூட அவள் துடைக்கவில்லை.

"ஏன்டி ஓடி வரல?" என்று கேட்டேன்.

"ஓடிட்டா அது எங்க போச்சுன்னு எப்பிடித் தெரியும்? பாத்துகினே இருந்தா அது அங்கதான் கீது. கண்ண எடுத்தாதான் பயம்."

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நாங்கள் இரண்டு வருடம் ஒன்றாகப் படித்தோம். பாம்பு வந்த பிறகு ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டிலுக்கு அவள் மாறி வந்தாள். நான் காஞ்சிபுரத்திலிருந்து போனவள். எதற்கும் பயப்படுகிற சுபாவம். வார்டனம்மாவுக்குப் பயம், பரீட்சைக்குப் பயம், அப்பாவின் கடிதத்துக்குப் பயம். அவளுக்குப் பக்கத்தில் படுக்க ஆரம்பித்த பிறகு அவளுக்கும் பயம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவள் தூங்கும்போது இமைகள் முழுதாக மூடாது. வெள்ளை விழி ஒரு கோடாகத் தெரியும். முதல் மாதம் முழுக்க நான் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்தேன்.

பார்க்க ஒன்றும் பயங்கரமாக இருக்கமாட்டாள். ஒல்லி, கறுப்பு, எண்ணெய் தடவி இழுத்துப் பின்னிய சடை, சின்னக் கண்கள். ஆனால் அந்தக் கண்கள் ஒன்றின் மேல் விழுந்தால் விழுந்ததுதான். மாதிரி வகுப்பு எடுக்க மூன்றாம் வகுப்புக்குப் போனாள். அவ்வளவு நேரம் கொக்கரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவள் பார்த்த மாத்திரத்தில் அடங்கிப்போனார்கள். பின்பெஞ்சிலிருந்து மேற்பார்வை பார்த்த டீச்சர் அவளுடைய நோட்டில், 'வகுப்புக் கட்டுப்பாடு நன்று. மாணவரை அச்சுறுத்துவதைத் தவிர்க்கவும்' என்று எழுதினார். "நான் இன்னா அச்சுறுத்துனேன்? பாத்தேன், அவ்ளோதான்" என்று அவள் என்னிடம் நோட்டைக் காட்டினாள்.

அவளுடைய அப்பா கட்டுமரத்தில் போனவர். அவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் என் தலைக்குப் பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏழு வயசு எனக்கு. கரைல நின்னு நைனாவோட மரத்தப் பாத்துகினு இருந்தேன். துண்டு மாதிரி தெரிஞ்சுது. அம்மா கஞ்சி குடிக்கக் கூப்ட்டுது. திரும்பிப் பாத்துட்டு மறுபடி பாக்கறேன், மரம் இல்ல." அதைச் சொல்லும்போது அவள் விரல்கள் என் தலையில் நிற்கவேயில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொருத்தி கேட்டபோது, அப்பா மஞ்சள் காமாலையில் போனதாகச் சொன்னாள். எது நிஜம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவளுடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் அவர் ஊருக்கு வந்தபோது ஒரு சினிமாக் கேமரா கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும். பேட்டரி கிடையாது. பக்கவாட்டில் ஒரு சாவி இருக்கும். கடிகாரத்துக்குக் கொடுப்பது போல அதைப் பத்துப் பன்னிரண்டு சுற்று முறுக்கினால் கேமரா அரை நிமிடம் ஓடும். பிறகு தானாக நின்றுவிடும். மறுபடி முறுக்க வேண்டும். படச்சுருள் சுண்டு விரல் அகலம். ஒரு சுருளில் நாலு நிமிடம் எடுக்கலாம்.

ஆண்டு விழாவுக்கு மற்ற பிரிவுகள் கோலாட்டமும் நாடகமும் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, நாம் ஒரு பாட்டைப் படமாக எடுத்துத் திரையில் காட்டலாம் என்று அவள் சொன்னாள். தலைமையாசிரியை ஒத்துக்கொள்ளமாட்டார் என்று நான் நினைத்தேன். அவரோ, "மாணவர்களே எடுத்த படம் என்றால் நமக்கும் பெருமைதானே" என்று அனுமதித்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் கல்யாணங்களை இந்த மாதிரிச் சின்னப் படமாக எடுப்பவர். சுருளைக் கழுவ பம்பாய்க்கு அனுப்புவதற்கும், பிறகு வெட்டி ஒட்டுவதற்கும், திரையில் போட்டுக் காட்டுவதற்கும் உதவுவதாக அவர் சொன்னார்.

பாடுவதற்கு எஸ்தர் இருந்தாள். மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். பிறகு சர்ச் பள்ளிக்கூடத்தில் காவல் வேலைக்கு வந்தார். அவர்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் எஸ்தர். ஞாயிற்றுக்கிழமை அவள் பாடினால் மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிடும். பாட்டையும் அவளே எழுதினாள்.

*கடலே கடலே கதவைத் திற*
*கால் நனைக்க வந்தேன் நான்*

இத்தனைக்கும் அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

படத்துக்கான திட்டத்தைக் கேமராக்காரி தன் பாடக்குறிப்பு நோட்டில்தான் போட்டாள். நோட்டில் 'ஆசிரியர் செயல்', 'மாணவர் செயல்' என்று இரண்டு பத்திகள் அச்சடித்திருக்கும். ஆசிரியர் செயல் என்ற பத்தியில் கேமரா எங்கே நிற்கும் என்று சின்னப் படம் வரைந்தாள். மாணவர் செயல் என்ற பத்தியில் எஸ்தர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினாள். 'துணைக்கருவி' என்ற இடத்தில் என் பெயர். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருவதும், எஸ்தர் வாயசைப்பதற்காகப் பாட்டைப் போடுவதும், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதும் என் வேலை.

முதலில் எடுத்தது ரயில். பாட்டின் தொடக்கத்தில் ரயில் வர வேண்டும் என்றாள். கொளவாய் ஏரியை ஒட்டி ரயில் பாதை போகும் இடத்தில் ஒரு சனிக்கிழமை காலை நின்றோம். பாசஞ்சர் வரும் நேரத்துக்கு அவள் சரளைக் கல்லில் ஏறி, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் போய் நின்று கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். வண்டி வளைவில் தெரிந்தது. ஊதல் கேட்டது. மறுபடி ஊதியது. நான் பெயர் சொல்லிக் கத்தினேன். எஸ்தர் கர்த்தரைக் கூப்பிட்டாள். கேமராக்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். என் கால் சரளையில் புதைந்துவிட்டது போல் இருந்தது. ஓடிப் போய் அவளை இழுக்க வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது, உடம்பு வரவில்லை. எஸ்தர்தான் ஓடினாள். அவள் கையைப் பிடிப்பதற்குள் இவளே பக்கவாட்டில் தாவி இறங்கினாள். வண்டியின் காற்று எங்கள் தாவணிகளைப் பிய்த்தது.

"சாவணும்னு இருக்கா உனக்கு?" என்று எஸ்தர் அழுதுகொண்டே கேட்டாள்.

"வண்டி எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்டி. பாத்துகினுதான இருந்தேன்" என்றாள். சிரிக்கவில்லை. வீரமாகச் சொன்ன மாதிரியும் இல்லை. பிறகு எஸ்தரின் கையைப் பார்த்தாள். ஓடும்போது விழுந்து முழங்கை தேய்ந்திருந்தது. ஏரித் தண்ணீரில் தன் தாவணி முனையை நனைத்து, ஒவ்வொரு மணலாக எடுத்துச் சுத்தம் செய்தாள். அரை மணி நேரம் அதே வேலை. எனக்கு அவளிடம் பிடித்ததும் அதுதான், பயந்ததும் அதுதான். எதைப் பார்த்தாலும் முழுசாகத்தான் பார்ப்பாள்.

கடல் காட்சிக்கு மகாபலிபுரம் போக அனுமதி கேட்டால் கிடைக்காது. கோவளத்தில் அவள் வீட்டு விசேஷத்துக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். எஸ்தர் ஜன்னலோரம். பனைமரங்களுக்கு நடுவே முதல் முதலாக அந்த நீலக் கோடு தெரிந்தபோது அவள் என் தொடையைப் பிடித்து அழுத்தினாள். ஐந்து விரலும் பதிந்தது.

கடற்கரைக் கோயிலைத் தாண்டித் தெற்கே நடந்தோம். பாறைகள் தண்ணீருக்குள் இறங்குகிற இடம். கொஞ்ச தூரத்தில் இரண்டு பேர் மணலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தவிர யாரும் இல்லை. எஸ்தர் பாறையில் உட்காருவது, மணலில் நடப்பது, சிப்பி பொறுக்குவது என்று எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒவ்வொரு தடவையும் நான் பாட்டைப் போடுவேன், அரை நிமிடத்தில் கேமரா நிற்கும், நான் பாட்டை நிறுத்துவேன். கடைசியாக ஒன்று பாக்கி. எஸ்தர் பாடிக்கொண்டே தண்ணீருக்குள் நடக்க வேண்டும்.

"முட்டி வரைக்கும்தான். அதுக்கு மேல போவாத. இங்க பாறைக்குப் பின்னாடி இழுப்பு கீது" என்று அவள்தான் சொன்னாள். அது என் காதில் விழுந்தது. எஸ்தரும் தலையாட்டினாள்.

பாட்டைப் போட்டேன். எஸ்தர் நடந்தாள். கணுக்கால், கெண்டைக்கால், முட்டி. நின்று திரும்பிப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவள், "இன்னும் ஒரு அடி" என்றாள். எஸ்தர் ஒரு அடி வைத்தாள்.

"இன்னும்."

அந்த இரண்டாவது 'இன்னும்' அவள் வேண்டுமென்றே சொன்னதா, கண்ணாடிக்குள் தெரிந்ததைப் பார்த்துத் தனக்குத்தானே முணுமுணுத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எஸ்தர் காதில் விழுந்தது. அவள் போனாள். பாறைக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு அலை வந்தது. பெரிய அலைகூட இல்லை. எஸ்தரின் காலடி மணலை அது உருவிக்கொண்டு போனது. பாவாடை தண்ணீரில் ஊதி மேலே வந்தது, பிறகு கனத்து அவளை இழுத்தது. தலை தெரிந்தது. வாய் திறந்திருந்தது. பிறகு தலை இல்லை.

நான் டேப் ரெக்கார்டரை மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன். அதிலிருந்து எஸ்தர் பாடிக்கொண்டிருந்தாள். நிறுத்தும் பொத்தானின் மேல்தான் என் விரல் இருந்தது. நான் அழுத்தவில்லை. கத்தவும் இல்லை. எவ்வளவு நேரம் என்றும் சொல்லத் தெரியவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான் பார்த்துவிட்டு ஓடிவந்து குதித்தார்கள். ஒருவர் அவள் சடையைப் பிடித்து இழுத்துவந்து மணலில் குப்புறப் போட்டார். தண்ணீர் தண்ணீராக வாந்தி எடுத்தாள்.

அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே கேமராக்காரியைப் பார்த்தார். "உனுக்கு எந்த ஊரு?"

"கோவளம்."

"கரையாளு ஊட்டுப் பொண்ணா நீ? நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு அந்தப் பொட்டிய கண்ணுல வெச்சிகினு நின்ன?"

அவள் எஸ்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மண்டியிட்டு அவளுடைய பாதங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். எஸ்தருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் மாற்றித் தூக்கட்டுமா என்று கேட்டதற்கு, "நீ டேப்ப பத்ரமா எட்த்துகினு வா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பஸ்ஸில் எஸ்தர் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யார்கிட்டயும் சொல்லாதீங்கடி. அப்பாவுக்குத் தெரிஞ்சா வந்து கூட்டினு போயிடுவாரு. இங்க தெரிஞ்சா மூணு பேரையும் அனுப்பிடுவாங்க. இன்னும் ஆறு மாசம்தான் இருக்குது."

யாரிடமும் சொல்லவில்லை. சுருள்கள் பம்பாய்க்குப் போயின. அவை திரும்பி வரும்வரை ஒரு மாதம் நான் பட்ட பயம் கொஞ்சநஞ்சமில்லை. பம்பாயில் கழுவுகிறவர்கள் பார்த்துவிட்டுப் பள்ளிக்குக் கடிதம் எழுதிவிடுவார்கள் என்று தோன்றும். தபால்காரர் அலுவலகத்துக்குள் போனால், அவர் வெளியே வரும்வரை தூணுக்குப் பின்னால் நிற்பேன். எஸ்தர் பழையபடி பாட ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

படம் வந்தது. ஸ்டூடியோவின் பின்னறையில் மேசைமேல் ஒரு சின்னப் பெட்டி. இரண்டு பக்கமும் கைப்பிடி. சுற்றினால் நடுவில் உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் படம் நகரும். வெட்ட ஒரு கத்தி, ஒட்ட ஒரு பசை. ஸ்டூடியோக்காரர் ஒருநாள் சொல்லிக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். ஞாயிறு மதியங்களில் நானும் அவளும் உட்கார்ந்து வெட்டினோம். எஸ்தர் வரவில்லை. பார்க்க வேண்டாம் என்றாள்.

ஸ்டூடியோக்காரர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறை கேமரா ஓடத் தொடங்கும்போதும் முதல் கட்டம் வெளிச்சம் அதிகமாகி வெளுத்துவிடும், எங்கே தொடங்குகிறது என்று அதை வைத்துக் கண்டுபிடியுங்கள் என்று. கடைசிச் சுருளை நான் மெதுவாகச் சுற்றினேன். எஸ்தர் நடக்கிறாள். முட்டி. திரும்பிப் பார்க்கிறாள். இன்னும் ஓரடி. அலை. தலை மறைகிறது. பிறகு ஒரு வெளுத்த கட்டம். பிறகு மறுபடி கடல், இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தது. எஸ்தரின் கை மேலே வருகிறது.

நான் சுற்றுவதை நிறுத்தினேன். கேமரா நடுவில் நின்றிருக்கிறது. எஸ்தர் தண்ணீருக்குள் இருந்தபோது இவள் அதைக் கீழே இறக்கி, சாவியை முறுக்கி, மறுபடி கண்ணில் வைத்திருக்கிறாள்.

"முறுக்குனியா?" என்றேன்.

"ம்."

"அவ உள்ள இருந்தப்பவா?"

"நின்னு போச்சு. முறுக்குனேன்." கத்தியை மேசையில் வைத்துவிட்டு, "கண்ணுல வெச்சிகினு இருந்த வரைக்கும் அவ எங்க கீறான்னு எனக்குத் தெரிஞ்சுது. முறுக்கறதுக்குக் குனிஞ்சேன் பாரு, பத்து சுத்து, அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு. நிமிந்து பாத்தா இருக்க மாட்டாளோன்னு" என்றாள்.

"போய் இழுத்திருக்கலாமே. உனக்குத்தான் நீச்சல் தெரியுமே."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையை விலக்கிவிட்டுத் தானே கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சுற்றினாள். வலைக்காரர்கள் வலதுபக்கத்திலிருந்து ஓடிவந்தார்கள். அவள் சுற்றுவதை நிறுத்தி, கண்ணாடியின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள். அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். மார்போடு ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு. இவள் மேலும் கொஞ்சம் கைப்பிடியைச் சுற்றினாள். எஸ்தர் மூழ்கினாள், எழுந்தாள், வலைக்காரர் நீந்தினார், எல்லாம் அசைந்தது. அந்த ஓரத்துப் பெண் மட்டும் கடைசிவரை அசையவேயில்லை.

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது. எஸ்தர் முழுகியபோதுகூட அப்படி வரவில்லை. எல்லோரும் உட்கார்ந்து இதைப் பார்க்கப் போகிறார்கள்.

"இத வெட்டிடு" என்றேன்.

"எத்த?"

"நான் இருக்கறத."

"நீ இருக்கறத வெட்டணும்னா அவள இழுத்துப் போடறதையும் வெட்டணும். ரெண்டும் ஒரே துண்டுலதான் கீது. முழுகறது மட்டும்தான் மிச்சம் இருக்கும்."

"அப்ப எல்லாத்தையும் வெட்டு."

"முழுகறத வெட்ட மாட்டேன். பாட்டு அங்கதான் முடியுது. அதான் இந்தப் படத்துலயே நல்லா வந்துகீது." அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு குற்றவுணர்வும் இல்லை. பிறகு, "உன்ன வேணா எட்த்துடறேன்" என்றாள்.

நான் சரி என்றேன். வெளுத்த கட்டத்தில் கத்தியை வைத்து வெட்டி, அந்தத் துண்டைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். ஹாஸ்டலுக்கு வந்ததும் சமையலறை அடுப்பில் போட்டேன். பொசுங்கி நாறியது.

ஆண்டு விழா அன்று பிற்பகல், ஹால் ஜன்னல்களையெல்லாம் எங்கள் கம்பளிகளால் மூடி இருட்டாக்கியிருந்தார்கள். முன்வரிசையில் தலைமையாசிரியை, வார்டனம்மா, பின்னால் பெற்றோர்கள். எஸ்தரின் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எஸ்தர் அடுத்த நிகழ்ச்சிக்காக மேடைக்குப் பின்னால் இருந்தாள். திரையில் படம் ஓடத் தொடங்கியதும் நான் பாட்டைப் போட்டேன். ரயில் வந்தபோது கைதட்டினார்கள். எஸ்தரின் முகம் திரை முழுக்கச் சிரித்தபோது அவள் அப்பா பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லித் தானும் சிரித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் கடலுக்குள் நடந்தாள். தலை மறைந்தது. அத்தோடு படம் முடிந்து திரை வெள்ளையாயிற்று.

பெண்கள் தட்டினார்கள். நல்ல நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே எஸ்தரின் அப்பா எழுந்து நின்றார். திரையைப் பார்த்தபடியே நின்றார்.

"எம்பொண்ணு எங்கம்மா?" என்றார். "உள்ள போனா. வெளிய வரலியே."

சிலர் சிரித்தார்கள். அவர் நடந்து திரைக்கு முன்னால் போய்விட்டார். கம்பளிகளை விலக்கினார்கள். எஸ்தர் பின்னாலிருந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, நடிப்புப்பா. சும்மா நடிச்சேன்." அவர் அவள் முகத்தைத் தடவினார். தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "நடிப்பு இல்லம்மா. இவளுக்குச் சின்ன வயசுல இழுப்பு. மூச்சு முட்டுனா இவ மூஞ்சி எப்பிடிப் போவும்னு எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் மடியில போட்டு அந்த மூஞ்சியத்தான் பாத்துகினு கெடந்தேன்."

காப்பாற்றி இழுத்துப் போடுவது படத்தில் இருந்திருந்தால் அவர் எழுந்திருக்கமாட்டார். அல்லது எழுந்து, வலைக்காரர்களை நினைத்து அழுதிருப்பார். அந்தத் துண்டை அடுப்பில் போட்டவள் டேப் ரெக்கார்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். "அந்தப் பொண்ணு நிஜமாவே முழுகினாளா?"

எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் இவள், "நெசம்தான். நாந்தான் போவச் சொன்னேன்" என்றாள்.

"முழுகறப்ப நீ என்ன பண்ணே?"

"படம் எட்த்துகினு இருந்தேன்."

தலைமையாசிரியை என் பக்கம் கையை நீட்டினார். "இவளும் கூட இருந்தாளா?"

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ மோர் வாங்கியாரப் போயிருந்தா. ஒண்ணும் பாக்கல."

எனக்காக அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். எஸ்தர் தரையைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்த்தேன். நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அறையின் தரை சிவப்பு ஆக்ஸைடு போட்டது, ஜன்னலோரம் ஒரு விரிசல் இருந்தது என்பதெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மூன்று நாளில் அவளுக்கு டி.சி. கொடுத்துவிட்டார்கள். எஸ்தரையும் என்னையும் எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

எஸ்தரும் நானும் வேலைக்குப் போனோம். பல வருடம் கழித்து விடைத்தாள் திருத்தும் இடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். சாப்பாட்டு நேரத்தில் நானாகத்தான் அந்தப் பேச்சை எடுத்தேன். அவள் டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணிக்குள்ளேர்ந்து எனக்கு அவ மட்டும்தான் தெரிஞ்சா. அந்தப் பொட்டிய வெச்சிகினு நின்னா. அவ பாக்கற வரைக்கும் நான் சாவமாட்டேன்னு ஒரு நெனப்பு. நடுவுல தலைய குனிஞ்சா பாரு. அப்பதான்டி முடிஞ்சிதுன்னு நெனச்சேன்." அவள் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். "இருந்துச்சு. அவ முதுகுல தூக்கினு போறப்ப அழுதுகினே வந்தா, உனக்குத் தெரியாது. என் கையில கண்ணீர் சொட்டிகினே வந்துச்சு." டப்பாவை மறுபடி திறந்து ஒரு கவளம் எடுத்தாள். "உன் மேலயும் கோவம் இல்ல. ஆனா நீ ஒரு குரல் குடுத்திருக்கலாம்டி."

கோவளத்துக்காரியை நான் பிறகு பார்க்கவில்லை. ராயபுரம் பக்கம் கல்யாணமாகிப் போனதாக ஒருத்தி சொன்னாள். அண்ணனோடு விசாகப்பட்டினத்தில் இருப்பதாக இன்னொருத்தி சொன்னாள்.

அவள் ஹாஸ்டலை விட்டுக் கிளம்பிய நாளன்று நான்தான் படுக்கைச் சுருளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை போனேன். தகரப் பெட்டியை அவளே தலையில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து, பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஒருவழியாகச் சொன்னேன்.

"நான் வேணா போய் உண்மையச் சொல்லிடட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பாம்பைப் பார்த்த மாதிரி இல்லை, எஸ்தரின் முழங்கையைப் பார்த்த மாதிரி பார்த்தாள்.

"சொல்றவ, சொல்லட்டுமான்னு கேட்டுகினு இருக்கமாட்டா" என்றாள். "போ. மெஸ்ஸு மூடிடுவாங்க."

பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தபோதும் அவள் பார்வை என் மேலேயே இருந்தது. நான்தான் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது பஸ் திருப்பத்தைத் தாண்டியிருந்தது, புழுதி மட்டும் இருந்தது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வெகுநாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது போல் இருந்தது. பசித்தது. வேகமாக நடந்து போய், அன்று மத்தியானம் மெஸ்ஸில் நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.